பதினைந்து ரூபாய் வீட்டுக்காரருக்கு

என் உயிரான அய்யாவுக்கு,

உங்கள் மகள் பொன்னுத்தாயி எழுதுகிறேன். நீங்கள் போய் இரண்டு தை கழிந்துவிட்டது. இத்தனை நாளும் எழுத உட்கார்ந்தால் அழுகை முந்திக்கொண்டது. இப்போது அழக்கூடத் தெம்பில்லை, அதனால் எழுத முடிகிறது.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். ரயில் போய்விட்டது அய்யா. வண்டி போனதைச் சொல்லவில்லை, பாதையே போய்விட்டது. சண்டைக்கு இரும்பு வேண்டுமாம், தண்டவாளத்தைப் பெயர்த்து ஏற்றிக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வீடு என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்வீர்களே, அந்த ஸ்டேஷனில் இப்போது ஆடு மேய்கிறது. அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. மழை விட்டால் மலைக்காய்ச்சல். வீட்டுக்கு ஒருவர் போர்வைக்குள் நடுங்குகிறார். காய்ச்சலுக்குப் பயந்து பாதித் தெரு பூட்டிக் கிடக்கிறது.

இப்படி எல்லாம் குறைந்துபோன ஊரில் குறையாமல் இருந்தது நம் வீட்டு வரி ஒன்றுதான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கோபித்துக்கொள்ளாதீர்கள். நியாயமாகப் பார்த்தால் கோபப்பட வேண்டியவள் நான்.

ஒரே மகள் என்று வீட்டை என் பேருக்கு எழுதி வைத்துவிட்டுப் போனீர்கள். உங்கள் மாப்பிள்ளையும் சின்னமனூர் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, இங்கே ஏலக்காய் மண்டியில் கணக்கு எழுத வந்துவிட்டார். மாமனார் இறந்த பிறகு அத்தையும் எங்களோடு வந்துவிட்டார்கள். அவர்கள் கல்யாணத்துக்குச் சீராக வந்த பித்தளை அண்டாவும் மாட்டுவண்டியில் கூடவே வந்தது. கூடத்தில் பாதி இடம் அதற்குத்தான். மீதியில் நாங்கள் படுத்துக்கொள்கிறோம்.

வரியை என் பேரில் கட்ட வேண்டுமென்றால் முதலில் பெயர் மாற்ற வேண்டும் என்றார்கள். நகராட்சிக்குப் போனேன். நீங்கள் இல்லை என்பதை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எழுதிக் கொடுத்தேன். குமாஸ்தா படித்துவிட்டு, "எப்பம்மா தவறுனாக?" என்று கேட்டார். ஊருக்கே தெரிந்த நாள், எனக்கு மட்டும் வாயில் வரவில்லை. அவரே பக்கத்து மேஜையில் கேட்டு எழுதிக்கொண்டார்.

பிறகு என் பேரில் முதல் நோட்டீஸ் வந்தது. வீட்டு வரி, தண்ணீர் வரி, விளக்கு வரி என்று எல்லாம் சேர்த்து, அரை வருஷத்துக்கு ஒரு தொகை. தலை சுற்றியது. பக்கத்து வீட்டுச் சுப்பக்காவிடம் அவளுக்கு வந்ததைக் காட்டச் சொன்னேன். ஒரே கொத்தனார் நடுவில் ஒரே சுவர் வைத்துக் கட்டிய இரட்டை வீடுகள்தானே நம்முடையதும் அவளுடையதும். அவளுக்கு வந்திருந்தது நம் வரியில் மூன்றில் ஒரு பங்கு.

வசூலுக்கு வந்த பில் கலெக்டரைப் பிடித்துக்கொண்டேன். நல்ல மனிதர். நாங்கள் கேட்கும் கேள்விகளைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்.

"வாடகைக்கே விடாத வீட்டுக்கு வாடகை மதிப்புன்னு போட்டிருக்கே, இது எந்த ஊரு நியாயம்?" என்றேன்.

"விட்டா என்ன வருமோ அதுதாம்மா மதிப்பு. ஒரு வருஷ வாடகையைக் கணக்குப் போட்டு, மராமத்துக்குன்னு பத்துல ஒண்ணு கழிச்சு, மிச்சத்துக்கு வரி. நீங்க குடியிருந்தாலும் ஒண்ணுதான், பூட்டிப் போட்டாலும் மதிப்பு அதுதான். சுப்பக்கா வீட்டுக்கு மாசம் அஞ்சு ரூவா. உங்க வீட்டுக்குப் பதினஞ்சு."

"பதினஞ்சுன்னு யாரு சொன்னது?"

"உங்க அய்யாதான் சொன்னாக."

மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குக் காது சுட்டது. நீங்கள் அதைச் சொன்னபோது நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன் அய்யா.

சின்னமனூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்திருந்த நாள் அது. அத்தையும் மாமாவும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, உத்தரத்திலிருந்து தரை வரை கண்ணாலேயே விலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, டேப்பும் கையுமாக நகராட்சி ஆள் வாசலில் வந்து நின்றார். ரயில் வரப்போகிறது என்று ஊரில் எல்லா வீட்டுக்கும் புதிதாக மதிப்புப் போட்டுக்கொண்டிருந்த சமயம். வேறு யாராக இருந்தாலும் நாளைக்கு வரச் சொல்லியிருப்பார்கள். நீங்கள் அவரையும் உட்கார வைத்து, சம்பந்திக்குச் சுட்ட பணியாரத்தில் நாலு கொடுத்தீர்கள்.

அவர் தெருவுக்குள் வந்தாலே ஊர் ஒப்பாரி வைக்கும். கூரை ஒழுகுது, கிணறு வத்திப்போச்சு, சும்மா கொடுத்தாலும் குடிவர ஆளில்லை என்று. சுப்பக்கா புருஷன் அன்று காலையில் நல்ல ஓடுகளில் நாலைந்தை எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, அவருக்கு வானத்தைக் காட்டினாராம். நீங்கள் என்ன செய்தீர்கள்?

"வாடகைக்கு விட்டா என்ன போகும்?" என்று அவர் கேட்டார். நீங்கள் ஓரக்கண்ணால் அத்தையைப் பார்த்தீர்கள். தொண்டையைச் செருமிக்கொண்டீர்கள்.

"மலைமேல ஏலத்தோட்டத்து தொரை பதினஞ்சு ரூவாய்க்கு ஒத்தக் கால்ல நின்னாரு. எம் மக பொறந்த வீடு, குடுக்க மாட்டேன்னுட்டேன்."

எந்தத் துரை அய்யா? நம் தெருப் பக்கம் எந்தத் துரை வந்தார்? அந்த ஆள் பென்சிலை நாக்கில் தொட்டு எழுதிக்கொண்டார். கல்யாணம் நிச்சயமானது. சம்பந்தி வண்டி தெருவைத் தாண்டியதும் ஆத்தா தலையில் அடித்துக்கொண்டாள். "ஓடிப் போய் மாத்திச் சொல்லிட்டு வாங்க" என்று விரட்டினாள். நீங்களும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினீர்கள். மாற்றிவிட்டீர்கள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாற்றவில்லை என்று பில் கலெக்டர் சொல்லித்தான் தெரிந்தது. "ஆட்சேபம் சொல்ல ஒரு கெடு உண்டும்மா, அது தாண்டுனா அடுத்த மதிப்பு வரைக்கும் அதுதான். ஒவ்வொரு தடவையும் நானே சொல்லுவேன், மனு குடுங்கன்னு. சம்பந்தி காதுக்குப் போயிரும்ப்பான்னு சிரிச்சுட்டு கட்டிட்டுப் போவாக" என்றார். ஏலக்காய் விலை படுத்துக்கிடந்த மந்த காலத்திலும் ஒரு தவணை நிற்கவில்லையாம். ஆத்தா மருந்துக்கு இல்லாமல் இழுத்துக்கொண்டு கிடந்தது அந்தக் காலத்தில்தானே? சொல்லுங்கள், ஒரு வாய்ச்சொல்லுக்கு ஆயுசு முழுக்க வரி கட்டுவார்களா?

எங்களால் முடியவில்லை அய்யா. முதலில் எப்படியோ கட்டினோம். பிறகு ஒரு தவணை நின்றது, அதற்கடுத்ததும் நின்றது. ஒரு நாள் பில் கலெக்டர் வாசலில் நின்று, ஜப்தி என்ற வார்த்தையைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். சொல்லும்போது அவர் கண் கூடத்து அண்டாவின் மேல் போனது. அத்தை ஓடிப் போய் அதன்மேல் முந்தானையை விரித்துப் போட்டு, "இது சின்னமனூர்ச் சொத்து, இந்த ஊருக்கு இதுல பாத்தியதை இல்ல" என்றார்கள்.

அவரே ஒரு வழியும் சொன்னார். மறுபடி மதிப்புப் போட்டு, அதே பதினைந்தோடு புது நோட்டீஸ் வந்திருந்த சமயம் அது. மனுக் கொடுக்க நாள் இருந்தது. "ரயில் போச்சு, காய்ச்சல் வந்துச்சுன்னு எழுதுனா ஒண்ணோ ரெண்டோ கொறைப்பாக. அந்தப் பதினஞ்சே மொதல்ல இருந்து தப்புன்னு சேர்மன்கிட்ட நீங்க வாயால சொன்னாத்தான் வழிக்கு வரும்" என்றார்.

அதாவது, என் அய்யா பொய் சொன்னார் என்று ஊர் கேட்க நான் சொல்ல வேண்டும். உங்கள் மாப்பிள்ளையிடம் கேட்டேன். "உன் வீடு, உங்க அய்யா. நீ எது சொன்னாலும் எனக்குச் சம்மதந்தேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டார். அவரிடம் எனக்குப் பயமில்லை. அத்தையை நினைத்துத்தான் பயம். சின்னமனூரிலிருந்து யார் வந்தாலும், "எம் மருமக பதினஞ்சு ரூவா வீட்டுக்காரி" என்று சொல்லித்தான் மோர் கொடுக்கச் சொல்வார்கள். அந்த வீட்டில் எனக்கு இருந்த மரியாதைக்கு அந்தப் பேச்சுத்தான் ஆதாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் மனுவில் மதிப்பு அதிகம் என்று மட்டும் எழுதினேன். ஏன் அதிகம் என்று எழுதவில்லை.

விசாரணைக்கு நான் மட்டும் போய்விடலாம் என்றிருந்தேன். அத்தை சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார்கள். "தூக்கப் போறது என் அண்டாவ. நான் வராம யாரு வருவா?" என்றார்கள்.

நகராட்சி மண்டபத்தில் எங்களைப் போல நிறையப் பேர். பெஞ்சில் இருந்தவர்களில் பாதிப் பேர் உங்களோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டவர்கள். என் முறை வந்தது. சேர்மன் பழைய தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது நாங்களா போட்ட தொகை இல்லம்மா. உங்க அப்பா வாயால சொன்னது. இப்ப நீங்க வந்து அதிகம்னா எப்படி? அவர் சொன்னது பொய்யா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு வரவில்லை அய்யா. பின்னாலிருந்து எல்லோரும் என் முதுகையே பார்ப்பது தெரிந்தது. போகட்டும், கடனை உடனை வாங்கிக் கட்டிவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பொய்தேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அத்தை எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். நீங்கள் யார் என்று சேர்மன் கேட்டார்.

"நான் இவளைப் பொண்ணு எடுத்தவ. என் காதுல விழணும்னுதேன் அவுக அந்தப் பொய்யச் சொன்னாக. பொண்ணு பாக்கப் போற எடத்துல விசாரிக்காமயா நொழைவோம்? பக்கத்து வீட்டுல வாடகை கேட்டுட்டுத்தேன் உள்ளயே போனோம். அஞ்சு ரூவாயே அதிகம்னாக."

மண்டபமே சிரித்தது. சேர்மனும் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். இனிமேல் சுப்பக்கா வீட்டுக்கு என்னவோ அதுதான் நமக்கும். நின்றுபோன தவணைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம். இத்தனை வருஷம் நீங்கள் அதிகமாகக் கட்டியது திரும்பி வருமா என்று கேட்டேன். கட்டினது கட்டினதுதான் என்றார். அது எனக்கும் தெரியும், இருந்தாலும் கேட்டேன்.

வெயிலில் திரும்பி வரும்போது அத்தையைக் கேட்டேன். "தெரிஞ்சிருந்தும் ஏன் அத்தை ஒரு வார்த்தை சொல்லல? எங்க அய்யா அதுக்குப் பயந்துதான் காலம் பூரா வரி கட்டுனாக."

அத்தை நின்றுவிட்டார்கள். "வரியா? அது எனக்கெங்க ஆத்தா தெரியும்? வாய்ப்பேச்சு, அன்னைக்கே காத்தோட போச்சுன்னுல்ல இருந்தேன். தெரியும்னு நான் சொல்லியிருந்தா அந்த மனுசன் எங்க மொகத்துல முழிச்சிருப்பாரா?" முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார்கள். "ஊரே வரிக்காரனப் பாத்தா இல்லைன்னு அழும். மகளுக்காக அவங்கிட்டயே கூட்டிச் சொல்லுறாகளேன்னுதேன் இந்தச் சம்பந்தத்துக்கே சரின்னேன். இப்ப என்ன, இனிமே சின்னமனூர்ல போய் அஞ்சு ரூவா வீடுன்னு எந்த வாயால சொல்ல?" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். வீட்டுக்கு வந்தும் அன்று முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை.

நடுத்தெரு என்றும் பார்க்காமல் அழுதேன் அய்யா. பணத்துக்காக இல்லை. எனக்கு வேறொன்று புரிந்துவிட்டது.

சின்னமனூருக்கு நீங்கள் எத்தனை தடவை வந்திருப்பீர்கள்? பலகாரப் பையை என் கையில் கொடுப்பீர்கள், பேத்தியைத் தூக்கிக் கொஞ்சுவீர்கள், ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பீர்கள். இலை போடுகிறேன் என்றால், வேலை கிடக்கு என்று செருப்பைத் தேடுவீர்கள். ஒரு பொழுதுகூடத் தங்கியதில்லை. மகள் வீட்டில் கை நனைக்கக் கூச்சப்படுகிறீர்கள் என்று நினைத்தேன். என்மேல் அவ்வளவுதான் பாசமோ என்றுகூட ஒரு காலத்தில் நினைத்திருக்கிறேன். உட்கார்ந்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் வீடு வரும், வீடு வந்தால் வாடகை வரும் என்ற பயமா அது? அத்தைக்கு முதல் நாளே தெரியும் என்று யாராவது உங்கள் காதில் போட்டிருந்தால், ரெண்டு நாள் என்னோடு இருந்துவிட்டுப் போயிருப்பீர்களா?

வரியைத் தவணை தவறாமல் கட்டிவிடுவேன், அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். வேறொரு வாக்கும் தருகிறேன். உங்கள் பேத்தி வளர்ந்து நிற்கிறாள், இன்னும் சில வருஷத்தில் எங்காவது கட்டிக்கொடுப்போம். அந்த வீட்டுக்கு நான் போனால் செருப்பைத் தேட மாட்டேன். இலை போட்டால் உட்காருவேன். உங்கள் வீட்டுக்கு என்ன வாடகை போகும் என்று யாராவது கேட்டால், ஐந்து ரூபாய் என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொல்வேன். என் மகளோடு, நீங்கள் என்னோடு தங்காமல் போன நாட்களையும் சேர்த்துத் தங்கிவிட்டுத்தான் வருவேன்.

நீங்கள் பொய் சொல்லிக் கரையேற்றிய
உங்கள் ஒரே மகள்,
பொன்னுத்தாயி