பதினெட்டு மணி நேர நாற்காலி

மார்ச் 3

தம்பிக்கு,

போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்பாள். அதனால் எழுதுகிறேன்.

உன் ஊருக்கு விமானத்தில் பதினெட்டு மணி நேரம், இரண்டு இடத்தில் மாற வேண்டும், அம்மாவின் முழங்கால் தாங்காது என்றாய். தாங்கும் என்று காட்ட அம்மா முடிவு செய்துவிட்டாள். சனிக்கிழமை விடியும் முன்பே சாப்பாட்டு மேஜை நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டாள். என் பழைய துப்பட்டாவை இடுப்பில் பெல்ட்டாகக் கட்டிக்கொண்டு, மடியில் கைப்பையோடு உட்கார்ந்துவிட்டாள். பாத்ரூமுக்கு மட்டும்தான் எழுந்தாள். "போதும்மா, கொஞ்சம் படு" என்றால், "நடுவானத்துல எங்கடி படுக்கிறது?" என்கிறாள்.

பதினெட்டு மணி நேரம் முடிந்து ராத்திரி அவள் எழுந்தபோது கால் இரண்டும் தூணாக வீங்கியிருந்தன. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "தாங்குதுல்ல? அவன்கிட்ட சொல்லு."

சொல்வதற்கு முன் டிக்கெட் பார்த்தேன். நேர் விமானம், ஒன்பது மணி நேரம். ஆறு வருஷமாகப் பறக்கிறதாம். நான் வேலை பார்க்கும் கல்லூரியில் எல்லாரையும் சந்தேகப்படுகிறவள் என்று எனக்குப் பெயர். உன்னை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை.

அவள் உன்னைப் பார்த்து ஐந்து வருஷம் ஆகிறது. வரலாமா, கூடாதா? அதை மட்டும் எழுது.

அக்கா

மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் நியாயம்தான். நேர் விமானம் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் அம்மா வந்தால் ஒரு வாரத்தில் கிளம்புகிற ஆளா? இங்கே இருப்பதே இரண்டு அறை. மூத்த மகளுக்குப் பரீட்சை. என் மனைவிக்கும் அம்மாவுக்கும் எப்படி என்று உனக்கே தெரியும். வராதே என்று பெற்றவளிடம் சொல்ல வாய் வரவில்லை. தூரத்தின் மேல் பழியைப் போட்டேன். தூரத்துக்கு வலிக்காது பார்.

அடுத்த வருஷம் பார்க்கலாம். அம்மாவுக்கு இது தெரிய வேண்டாம். காலுக்கு ஏதாவது தைலம் தேய்த்துவிடு.

என்றும் உன் தம்பி

மார்ச் 27

தம்பிக்கு,

தூரத்துக்கு வலிக்காதுதான். அம்மாவின் கால் இன்னும் தலையணை மேல் இருக்கிறது. தைலமாம்!

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. அந்த அளவுக்கு நான் கொடியவள் இல்லை. ஒன்பது மணி நேரம்தான் என்பதைச் சொன்னேன். உனக்காகப் பொய் சொல்ல என்னால் முடியாது.

"தப்பாச் சொல்லிட்டானா, பாவம்?" என்றாள்.

"இல்லம்மா, தெரிஞ்சேதான் சொன்னான்."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"போக ஒம்பது, வர ஒம்பது. அப்ப அன்னிக்கே போயிட்டு வந்துட்டேன்டி. அவன்தான் கதவத் தெறக்கல."

பிறகு நாற்காலியை மேஜையோடு சேர்த்துப் போடச் சொன்னாள். போட்டுவிட்டேன். இனி இந்த வீட்டிலிருந்து யாரும் உன்னிடம் நேரம் கேட்க மாட்டார்கள். இங்கே வர எவ்வளவு நேரமாகும் என்பது உனக்குத் தெரியும்.

அக்கா