பெரட்டில் கூப்பிட்ட பெயர்

செவ்வாய், இரவு.

விமான நிலையத்தை எடுத்து நடத்த வந்திருக்கும் தனியார் கம்பெனியின் ஆட்கள் இன்று எங்கள் காலைப் பெரட்டுக்கு வந்தார்கள். வேலைக்கு முன் பெயர் கூப்பிடுவதைத் துப்புரவுப் பிரிவில் நாங்கள் இன்னும் ரப்பர்த் தோட்டத்துப் பேச்சில் பெரட்டு என்றுதான் சொல்வோம். புதுப் பட்டியலை என் கையில் கொடுத்தார்கள். வழக்கம்போல் அதைப் பார்க்காமல் மனப்பாடமாகவே கூப்பிட்டேன். "சரோஜா" என்றதும் அக்கா, "இருக்கேன்" என்றார். பிறகுதான் தாளைப் பார்த்தேன். அவர் பெயர் அதில் இல்லை. வந்தவர்களில் ஒருவர் மெதுவாக, "அவங்களுக்கு இனி வேலை இல்லன்னு இன்னைக்குள்ள நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

வேலை முடிந்து எங்கள் ஊர் ஜெராமுக்குத் திரும்பும் வேனில் அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்.

"புது கம்பெனியில யூனிஃபார்ம் கலரு மாறுமா லா?"

"தெரியலக்கா" என்றேன். பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

நாளை பட்டியலைப் பார்த்துத்தான் கூப்பிட வேண்டும். அக்கா தன் பெயருக்காகக் காத்து நிற்பார்.