மலர் சொல்ல வந்தது

2016 ஜூலை, செவ்வாய் இரவு

தங்கச்சி மலர் வவுனியாவிலிருந்து இன்று வீடியோவில் அழைத்தாள். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எழுதப் படிக்கவும் தெரியாது. கைச்சைகைதான் எங்கள் பேச்சு. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவள், அழுதுகொண்டே எதையோ சொல்லத் தொடங்கினாள். நெஞ்சில் கை வைத்ததும் படம் அப்படியே நின்றுவிட்டது. பிறகு இணைப்புக் கிடைக்கவே இல்லை.

இன்டர்நெட் கொம்பனிக்குப் போன் அடித்தேன். வேகமான ஃபைபர் கேபிள் இங்கே எங்கள் மவுண்ட் ஆல்பர்ட் தெருவரை வந்துவிட்டதாம். ஆனால் எங்களுக்கும் பின்வீட்டுக்கும் பொதுவான கார்ப்பாதையைத் தோண்ட அந்த வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டுமாம்.

"நல்ல இணைப்புக் கேட்க எனக்கு உரிமை இல்லையா?"

"கேட்கலாம். அவர் மறுத்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது," என்றாள் அந்தப் பெண்.

பின்வீட்டில் இருப்பவர் மலேசியத் தமிழர். போய்க் கதவைத் தட்டினேன்.

"அண்ணை, படம் தெரிஞ்சாத்தான் நான் தங்கச்சியோட கதைக்கலாம். ஒரு கையெழுத்துப் போடுங்கோ."

"போன வருஷம்தான் சிமெண்டு போட்டேன்மா. உடைக்க விடமாட்டேன். போன்ல பேசிக்கிங்க."

"அவளுக்குக் காது கேக்காது."

அவர் கதவைச் சாத்தினார்.

இப்போதுதான் மலரின் கணவர் போனில் கூப்பிட்டார். மார்பில் கட்டியாம், புற்றுநோயாம்.

"தன்ர கையாலேயே உங்களுக்குச் சொல்லவேணும் எண்டு இருந்தவ, அக்கா."

அவள் பக்கத்தில்தான் இருக்கிறாளாம். போனை அவளிடம் கொடுங்கள் என்று சொல்லவும் முடியவில்லை.