பாதி மைதானம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்தான், கொஞ்சம் அசதி.

இங்கே குடியிருப்புப் பிள்ளைகள் விளையாடும் ஒரே இடத்தைக் கார் நிறுத்துவதற்கென்று பூட்டிவிட்டார்கள். தாய்மார்கள் சேர்ந்து நகராட்சிக் கூட்டத்துக்குப் போனோம். ஆஸ்பத்திரி வேலை முடிந்த கையோடு போன என்னையே பேசச் சொல்லித் தள்ளிவிட்டார்கள்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்றார் அதிகாரி.

"ஒரு பொண்ணு. ஊர்ல எங்கம்மாகிட்ட இருக்கா."

"அப்புறம் உங்களுக்கு என்னம்மா கவலை?"

"இவங்க ரோட்டுல கார் நடுவுல விளையாடுறாங்க சார். தினமும் பாக்குறேன்ல?"

அவ்வளவு சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டு அக்காதான் மீதியைப் பேசி முடித்தார். நேற்று பூட்டைத் திறந்துவிட்டார்கள். பாதி இடம்தான் கிடைத்தது. அதுவரைக்கும் லாபம்.

பாப்பாவின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு அம்மா. செருப்பு வாங்கப் போய், அளவு தெரியாமல் திரும்பிவிட்டேன்.

பஸ் வருகிறது, ஓடுகிறேன்.

உன் பெரியவள்