ஓடு உடைந்தவை

மார்ச் 4

காலையிலேயே ஓர் ஆமை. இந்த வாரம் நான்காவது. லாரி ஏறியதில் முதுகு ஓடு குறுக்கே பிளந்திருந்தது. கழுவி, துண்டுகளைப் பொருத்தி, கம்பி கட்டி, மேலே பிசின் பூசினேன். டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "உன் கைக்கு இது பழகிப்போச்சு" என்றார். பாராட்டுதான். சந்தோஷப்பட முடியவில்லை.

பதினாறு வருட நர்ஸ் வேலையில் நாய்க்கும் பூனைக்கும் ஊசி போட்டுத்தான் பழக்கம். ஊர்க்கோடிச் சதுப்பில் வீடு கட்ட மண் கொட்ட ஆரம்பித்த பிறகு, எங்கள் கால்நடை ஆஸ்பத்திரியின் பின்னறை முழுக்க ஆமைத் தொட்டிகள்.

மார்ச் 9

அண்ணன் சாப்பிட வந்தான். மண் கொட்டும் லாரிகளில் ஒன்றை ஓட்டுவது அவன்தான். பேச்செடுக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். வாய் சும்மா இருக்குமா?

"பாத்து ஓட்டக் கூடாதா அண்ணே?"

"பாத்துத்தான் ஓட்டுறேன். கல்லு எது, ஆமை எதுன்னு ஏறினப்புறம்தான் தெரியுது. நான் எறங்கிட்டா லாரி நின்னுடுமா? நாளைக்கே வேற ஒருத்தன் உக்காருவான்."

அண்ணி பேச்சை மாற்றினாள். அவன் சொன்னதில் பொய்யில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

மார்ச் 17

நானும் டாக்டரம்மாவும் மண் கொட்ட அனுமதி கொடுத்த அலுவலகத்துக்குப் போனோம். கையில் எண்பத்தொரு பக்க மனு. கொக்கு, தவளை, தட்டான், மீன் - அங்கே வாழ்பவை அத்தனையும் படத்தோடு. அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "வரைபடத்துல அது தரிசும்மா. தண்ணின்னே போடல. நான் என்ன பண்ணட்டும்?" நேரில் வந்து பாருங்கள் என்றேன். "வந்து பாத்தாலும் வரைபடத்துல இருக்கறதைத்தான் எழுதணும்."

ஏப்ரல் 2

இன்று மூன்று. ஒன்று மேசையிலேயே போய்விட்டது.

ஏப்ரல் 11

குணமான ஏழு ஆமைகளையும் நீர்த்தேக்கத்தில் விட்டோம். கரை முழுக்கச் சிமென்ட். ஏறி உட்காரக்கூட இடமில்லை. "வேற எடம் தெரிஞ்சா சொல்லு" என்றார் டாக்டரம்மா. தெரியவில்லையே.

ஏப்ரல் 20

அண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் பனியனோடு நின்றான். சட்டையைக் கழற்றி அதில் ஓர் ஆமையைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறான்.

"புதுசா எழுப்பின சுவத்தை ஒட்டியே நடந்துகிட்டு இருந்துச்சு. காலையில பாத்தேன். மதியமும் அங்கதான். போறதும் வர்றதுமா... உள்ள போக வழி தேடுது போல."

அடி ஏதுமில்லை. எக்ஸ்ரேயில் ஒன்பது முட்டைகள். முட்டையிட மண் கிடைக்காமல் அடக்கிக்கொண்டே அலைந்திருக்கிறது. அண்ணன் அந்தப் படத்தையே பார்த்தான். "இத்தனையும் உள்ள வச்சுகிட்டா நடந்துச்சு?" என்றான். பிறகு ஈரச் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு, "லோடு நிக்குது" என்று கிளம்பிவிட்டான்.

அவனைத் திட்டுவதா, கட்டிக்கொண்டு அழுவதா?

ஏப்ரல் 23

பெரிய தொட்டியில் மணல் கொட்டி வைத்தேன். அது தோண்டவே இல்லை. இன்று வந்து பார்த்தால் தண்ணீருக்குள்ளேயே இட்டிருக்கிறது, ஒன்பதையும். தண்ணீரில் கிடந்தது பொரியாது. இருந்தும் ஒவ்வொன்றாக எடுத்து மணலில் புதைத்தேன். வீண்னு தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சேன். வேற என்னதான் செய்யறது நான்?

ஜூலை 30

முட்டைகள் அழுகிவிட்டன. தாயையும் அந்தச் சிமென்ட் கரையில்தான் விட்டேன்.

இங்கே மண்வேலை முடிந்தது. அண்ணனை அடுத்த ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். போனில், "இங்கயும் ஒரு கொளம்தான்" என்றான்.

நவம்பர் 12

மூன்று நாளாக மழை. சதுப்பில் முதலில் எழும்பிய வீடுகளில் ஒன்றிலிருந்து ஒரு பெண், நாய்க்குட்டியோடு தடுப்பூசிக்கு வந்தாள்.

"ரொம்ப அமைதியான எடம் சிஸ்டர். இந்த மழைக்குக்கூட ஒரு தவளை கத்தல. என்ன, கொசுதான் தாங்க முடியல."

குட்டியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஊசி போட்டேன்.

அந்தப் பக்கத்திலிருந்து நிறைய நாய்க்குட்டிகள் வருகின்றன. பின்னறையைக் காலி செய்து கொடு என்றார் டாக்டரம்மா. பதிவேட்டைப் புரட்டினேன். கடைசி ஆமை வந்து எழுபத்தொரு நாளாகிறது. தொட்டிகளைத் தேய்த்துக் கழுவி, சுவரோரம் கவிழ்த்து வைத்தேன்.