உன் பக்கத்தை நான் சுத்தம் செய்த ஞாயிற்றுக்கிழமை

போன மாதம் அபர்டீன் பஜாரில் ஒரு பெண் உன் படத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். மெயின்லேண்டிலிருந்து சுற்றிப் பார்க்க வந்தவள். வெள்ளைத் துணிப்பை, அதில் கோழிக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து தூங்கும் பெரியவர். கார் நிக்கோபார் கப்பலில் நீ பால்பாயின்ட் பேனாவால் வரைந்த அதே பெரியவர். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். நாலு கடை தள்ளிக் கை காட்டினாள்.

கடையில் பை மட்டும் இல்லையடி. குவளை, சாவிக்கொத்து, ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற காந்தம். மொத்தம் ஏழு படங்கள், ஏழும் உன்னுடையவை. எதிலும் உன் பெயர் இல்லை. கடைக்காரனை நாலு வார்த்தை கேட்டுவிட்டேன். நம் பக்கத்துப் பையன்தான், இங்கேயே பிறந்து வளர்ந்தவன். அவன் கோபப்படவே இல்லை.

"அரே மேடம், நெட்ல சும்மா கிடந்துச்சு. பேரே போடல. யாருதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? சபூத் எதாவது இருந்தா கொண்டாங்க, பாக்கலாம்."

ஆதாரம் கேட்கிறான். ஒரு காலத்தில் நெட்டில் உன் பக்கம் முழுக்க ஆதாரம்தான் இருந்தது. அதைத் துடைத்து எடுத்தவள் நான்.

அந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதா? இரண்டு படத்துக்கு நடுவில் வெண்டைக்காய்ப் பொரியல். அண்ணன் மகளின் பிறந்தநாள் கேக். "நாளைக்கு நிக்கோபார் கப்பல் கேன்சல், யாரும் ஜெட்டிக்கு வராதீங்க" என்று கப்பல்துறை அறிவிப்பு ஒன்று. உன்னைப் பின்தொடர்ந்தவர்களில் பாதிப் பேர் கப்பல் எப்போது கிளம்பும் என்று பார்க்கத்தான் வந்தார்கள். அப்படி வந்தவர்கள், "இது எங்க பாபா", "மேரி சாச்சி ஹை" என்று தங்கள் அப்பாவையும் சித்தியையும் அடையாளம் கண்டு உன் படங்களின் கீழே எழுதினார்கள். தமிழ், இந்தி, பெங்காலி, நிக்கோபாரி எல்லாம் அங்கே கலந்து கிடந்தது.

மாதம் ஒருமுறை கார் நிக்கோபார் அலுவலகத்திலிருந்து லீவு போட்டு மின்னி பே பகுதியில் இருக்கும் உன் அண்ணன் வீட்டுக்கு வருவாய். வரும் வழியெல்லாம் கப்பலில் கூட வருகிறவர்களை வரைவாய். ஆபீஸில் கழித்துப்போட்ட ஃபாரங்களின் பின்பக்கம்தான் உனக்குக் காகிதம். படத்தின் அடியில் கோணல் எழுத்தில் ஒரு வரி: அவர் பெயர், இறங்கப் போகும் ஊர், பக்கத்தில் உன் பெயர். அதை இடது கையில் பிடித்து ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்வாய். மை படிந்த உன் கட்டைவிரல் எல்லா ஃபோட்டோவிலும் விழும். அப்புறம் படத்தை அவரிடமே கொடுத்துவிடுவாய். "அவங்க மூஞ்சிய நான் வெச்சிக்கிட்டு என்ன பண்ணப்போறேன்" என்பாய். ஆக, உன்னிடம் மிஞ்சியது அந்த ஃபோட்டோக்கள் மட்டும்தான்.

எனக்கு அப்போதுதான் இந்தத் தொழில் சூடுபிடித்திருந்தது. ஓவியர்கள், கல்யாண ஃபோட்டோகிராஃபர்கள், மேக்கப் போடுகிறவர்கள், பாட்டு டீச்சர்கள் எல்லாரும் குப்பையும் கூளமுமாக வைத்திருக்கும் பக்கங்களை ஒழுங்கு செய்து கொடுக்கும் வேலை. மாதிரிக்காக நெட்டிலிருந்து அவர்கள் சேர்த்துவைத்த ஆயிரம் படங்களைத் தரம் பிரித்து ஃபோல்டரில் அடுக்கித் தருவதும் அதில் சேர்த்தி. உன் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை துறுதுறுத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை டெலானிபூரில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு நீ மீன் வாங்கிக்கொண்டு வந்தாய். நான் உன் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டேன். முதலில் நீ மாதிரிக்காகச் சேர்த்துவைத்திருந்த படங்களைப் பிரித்தேன். முகம் ஒரு ஃபோல்டர், கை ஒரு ஃபோல்டர், மூட்டை முடிச்சு ஒரு ஃபோல்டர். எட்டிப் பார்த்துவிட்டு, "மூஞ்சி ஒரு எடத்துல, கை ஒரு எடத்துலன்னா மனுசன் எங்கடி?" என்றாய். நான் சிரித்தேன். அதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பிறகு பக்கத்துக்கு வந்தேன். பொரியல் போனது, கேக் போனது, கப்பல் அறிவிப்புகள் போயின. படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலை வெட்டினேன், கீழே இருந்த வரியை வெட்டினேன், ஓரத்தை வெள்ளையாக்கி மறுபடி ஏற்றினேன். அப்போது நெட் இருந்த இருப்பில் ஒரு படம் ஏற ஒரு வேளை சாப்பிடுகிற நேரம் ஆகும் என்பதால் எல்லாவற்றையும் சுருக்கினேன். பழைய பதிவுகளை அழித்தேன். அவற்றோடு பாபாக்களும் சாச்சிகளும் போனார்கள். ஃபோனில் இடம் அடைக்கிறது என்று அசல் ஃபோட்டோக்களையும் அழித்தேன். மாலைக்குள் பக்கம் பளிச்சென்று ஆகிவிட்டது.

நீ அதை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாய். "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றாய். அப்புறம், "சரி, நீ படிச்சவ, சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மீனைக் கழுவப் போய்விட்டாய். அந்தச் 'சரி'தான் இன்றைக்கும் என்னைக் கொதிக்க வைக்கிறது. மேலதிகாரியிடம் ஃபைலைத் தூக்கி எறிந்தவள் நீ. டிக்கெட் கவுன்ட்டரில் வரிசை தாண்டியவனைச் சட்டையைப் பிடித்து இழுத்தவள். என் கையை மட்டும் ஏன் தட்டிவிடவில்லை? என் பிழைப்பு நன்றாக இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தாயா? யார் கேட்டது உன்னை?

அதற்குப் பிறகு நீ பக்கத்தில் எதையும் போடவில்லை. கேட்டால், வேலை அதிகம் என்பாய். ஒன்றரை வருஷம் கழித்துக் காய்ச்சல் வந்து, மூன்று நாள் யாரிடமும் வாய் திறக்காமல் கார் நிக்கோபாரில் உன் குவார்ட்டர்ஸிலேயே சுருண்டு கிடந்தாய். நாலாம் நாள் கடல் சரியில்லை, கப்பல் இல்லை. ஹெலிகாப்டரில் இடம் கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு ஃபோன் செய்ய உனக்கு என்னடி கேடு? அந்தக் கோபமும் எனக்கு ஆறவில்லை. அதை உன் அண்ணனிடம் சொல்ல முடியாது, அதனால் உன்னிடமே சொல்கிறேன்.

இப்போது நீ அறியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். கடைக்காரன் சபூத் கேட்டபோது, என்னிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். பொய். இருந்தது. அவன் கேட்ட நொடியிலேயே அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்கும் முன் உன் பக்கத்தில் ஒன்பது படங்களை அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன். உன்னிடம் கேட்கவில்லை. அதை என்னுடைய விளம்பரத்தில் போட்டேன். இடது பக்கம் 'முன்', வலது பக்கம் 'பின்'. இடது பக்கத்தில் உன் ஒவ்வொரு கட்டைவிரல் மேலும், ஒவ்வொரு கோணல் வரி மேலும் சிவப்பில் பெருக்கல் குறி. மேலே கொட்டை எழுத்தில், 'இப்படி இருக்கக் கூடாது'. அதைப் பார்த்துத்தான் எனக்கு வேலைகள் வந்தன. இன்றைக்கும் என் பக்கத்தில் முதலாவதாக நிற்பது அதுதான்.

கடைக்காரனிடம் பொய் சொன்ன மறுநாள் காலையில் அதைப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அவன் பையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். கோழிக்கூடைப் பெரியவர், மூக்குத்திக்காரி, மூட்டைமேல் படுத்திருக்கும் ராஞ்சிக்காரர் என்று மூன்று பேர் ஒத்துப்போனார்கள். சிவப்புக் கோட்டுக்கு அடியில் உன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"டீக் ஹை மேடம், ஒத்துக்கறேன். இந்த மூணுக்கும் அடுத்த லாட்ல பேர் போட்டுடறோம். மத்த நாலுக்கும் இதே மாதிரி கொண்டாங்க, போடறேன்."

"மத்த நாலும் அவ வரைஞ்சதுதாம்பா. பாத்தாலே தெரியலையா?"

"எனக்குத் தெரியுது. நாளைக்கு இன்னொருத்தர் வந்து என்னுதுன்னா நான் என்ன செய்ய?" தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டான், "இந்த செகப்புக் கிராஸ் யாரு போட்டது?"

"நான்தான்."

அவன் ஒரு பேனாவை எடுத்து நீட்டினான். உன் பெயரை எப்படி அச்சடிக்க வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னான். எழுதிக் கொடுத்தேன். நியாயமாகத்தான் நடந்துகொண்டான், அவனைத் திட்டக்கூட எனக்கு வழியில்லை.

மிச்ச நாலு முகங்களையும் அச்செடுத்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன். கார் நிக்கோபார் கப்பல் வரும் நாளில் ஜெட்டிக்குப் போய், இறங்குகிறவர்களிடம் காட்டுகிறேன். இவரைத் தெரியுமா, வீட்டில் இப்படி ஒரு படம் இருக்கிறதா என்று கேட்கிறேன். "இவங்க பேரு என்ன?" என்றுதான் எல்லாரும் திருப்பிக் கேட்கிறார்கள். நீ ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதி வைத்திருந்தாய். அந்த நாலு வரியையும் வெட்டும்போது நான் ஒன்றைக்கூடப் படித்துப் பார்க்கவில்லை.