ஊசி போட்ட சோயா

மச்சான்,

இன்று காலை சோயா மூட்டையின் தையலைப் பிரித்தேன். அந்த வறட்டு மாவு மணம் கிளம்பியதும் உன் குரல்தான் காதில் விழுந்தது: "வந்திட்டுது பார், ஊசி போட்ட சாமான்." நீ செத்துப் போய் ஒரு வருஷமாகிறது. இன்னும் என் வியாபாரத்தைக் கெடுக்கிறாய்.

கொழும்புப் புறக்கோட்டைச் சந்தையில் நம் கடைகளுக்கு நடுவே ஒரு கைவண்டி போகத்தான் இடம். நீ பருப்பு, நான் சோயா. விதையில்லாத திராட்சை, பெரிய கொய்யா, பளபளக்கும் தக்காளி எல்லாமே உனக்கு ஊசி போட்டவை. ஹைபிரிட் வேறு, மரபணு மாற்றியது வேறு, இரண்டிலும் ஊசியே இல்லை என்று தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். "எல்லாம் ஒண்டுதான்" என்பாய். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். உன்னோடு சண்டை பிடிப்பதற்காகவே இதையெல்லாம் தேடி வாசித்தேன்.

வெள்ளவத்தையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அக்கா என்னிடம் சோயா வாங்க வந்த நாள் நினைவிருக்கிறதா? உன் கடை வாசலில் நின்றபடியே, "அக்கா, அது ஊசி போட்டது" என்றாய். அவ என்னைப் பார்த்தா. "அவன் விசர்க்கதை கதைக்கிறான். இது சாதாரண சோயா" என்றேன். மூட்டையில் சிறிய எழுத்தில் 'மரபணு மாற்றியது' என்றிருந்தது. நான் பிரித்துக் கொடுத்த வெறும் பையில் அது இல்லை.

அந்தக் கோபத்தோடுதான் மத்தியானம் உன் கடைக்கு வந்தேன். பருப்பு மூட்டைகளுக்குப் பின்னால் சட்டையைத் தூக்கிக்கொண்டு இன்சுலின் போட இருந்தாய்.

"அந்த மருந்து எப்பிடிச் செய்யிறது தெரியுமாடா? கிருமியின்ர மரபணுவை மாத்தி. நீதான்டா ஊசி போட்ட சாமான்."

உன் கை நின்றது. வாதத்தில் வெல்ல வந்த நான் உன் மருந்தை நிறுத்தி வைத்துவிட்டேனோ என்று பயந்தேன். நீ பெட்டியை நீட்டினாய்.

"இதில எழுதியிருக்கோ?"

இங்கிலீசில் பொடி எழுத்தில் இருந்ததை வாசித்துக் காட்டினேன்.

"எழுதியிருக்குத்தானே" என்று ஊசியைக் குத்தினாய். "அவன் சொல்லிப்போட்டுத் தாறான். நீ சொல்லாமல் விக்கிறாய்."

நீ சொன்னதில் முக்கால்வாசி பிழை, மச்சான். பரிசோதித்துச் சந்தைக்கு விட்டதைச் சாப்பிட்டு இதுவரை யாருக்கும் கெடுதி வந்ததாகத் தெரியவில்லை. பூச்சி தாங்கும் சோளத்துக்கு மருந்தடிப்பு குறைவு. மலிவான சோயா எத்தனையோ வீட்டில் இறைச்சிக்குப் பதில் வேகிறது. ஆனால் விதையை வருஷா வருஷம் கம்பனியிடமே வாங்க வேண்டும். களைநாசினி தாங்கும் பயிர் என்றால் அந்த நஞ்சை அள்ளி அடிக்கிறார்கள், களையும் அதற்குப் பழகிவிடுகிறது. புதிதாக ஒன்று வந்தால் யாருக்கு ஒவ்வாது என்று ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். இவை ஒன்றும் உனக்குத் தெரியாது. தெரியாமலே, சொல்லி விற்க வேண்டும் என்ற அந்தக் கால்வாசியைச் சரியாகப் பிடித்தாயே, அதுதான் எரிச்சல்.

இன்று இறக்குமதிக்காரரின் ஆள் வந்து, "அண்ணன், மூட்டையில இருக்கிற அந்த எழுத்தைக் கண்டா சனம் பயப்படுது. பழையபடி வெறும் பையில போடுங்க, நல்லா ஓடும்" என்றான். ஓடும், எனக்கும் தெரியும். அவனை அனுப்பிவிட்டு ஒவ்வொரு பையிலும் 'மரபணு மாற்றியது' என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டினேன்.

பத்து மணிக்கு அக்கா வந்தா. வாசித்தா.

"இது ஊசி போட்டதோ, முதலாளி?"

"ஊசி இல்லை அக்கா, சொல்லுறன் கேளுங்கோ." அரை மணித்தியாலம் சொன்னேன். பின்னால் நின்ற மூன்று பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

"அப்ப, இவ்வளவு நாளும் தந்தது?"

"இதுதான்."

அவ வழக்கமாக எடுப்பதில் பாதியை எடுத்தா. "மிச்சத்தை யோசிச்சுச் சொல்லுறன்" என்று போய்விட்டா.

அவவின் மேல் கோபப்பட எனக்கு உரிமையில்லை. அதனால் எல்லாக் கோபமும் உன் மேல்தான். மாலையாகிறது, அவ இன்னும் சொல்லி அனுப்பவில்லை. மிச்சப் பைகள் அப்படியே இருக்கின்றன. ஒட்டியதைக் கிழிக்கத்தான் கை வரமாட்டேன் என்கிறது.